சிகரெட் இல்லாத தாம்பூலத் தட்டு

அக்கா கல்யாணம் சிகரெட்டால் நின்றுபோகப் பார்த்தது. இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. உலக நாடுகளெல்லாம் சேர்ந்து புகையிலையைக் கட்டுப்படுத்த ஒரே ஒப்பந்தம் போட வேண்டும் என்று சுகாதார அமைப்புகள் கேட்டுக்கொண்டிருந்த காலம். பாளையங்கோட்டையில் அப்படி ஒரு சங்கத்தில் அப்பா சேர்ந்திருந்தார். ஆபீஸ் விட்டதும் துணிப்பையோடு கிளம்பிவிடுவார். பை நிறையத் தாள்கள். 'நம் அரசும் அந்த ஒப்பந்தத்துக்குத் துணை நிற்க வேண்டும்' என்று மேலே அச்சடித்திருக்கும். கீழே கையெழுத்துப் போட இடம். டவுண் ரதவீதியில் அவர் ஏறாத ஜவுளிக்கடை கிடையாது. அல்வா வாங்க நிற்கிறவர்களையும் விடமாட்டார்.

"ஒரு நாட்டுல தடுத்தா கம்பெனிக்காரன் அடுத்த நாட்டுக்குப் போயிருதான். எல்லாரும் சேந்துல்லா கதவைச் சாத்தணும்!"

கூட நடக்க எனக்கு மானம் போகும். ஆனாலும் ஏன் இப்படி அலைகிறார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. சித்தப்பா தொண்டைப் புற்றுநோயில் போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

அந்தக் காலத்தில் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கும் தட்டில் சந்தனம், கல்கண்டு, வெற்றிலை பாக்கோடு சிகரெட்டும் பிரித்து அடுக்கியிருக்கும். அதுதான் மரியாதை. அக்கா கல்யாணத்தில் அப்பா அதை வைக்கவில்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஏரல்காரர். அந்த வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். தட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன வே, தட்டு மொட்டையா இருக்கு? எங்களைப் பாத்தா எப்படித் தெரியுது?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே போய்விட்டார். அவர் இல்லாமல் தாலி ஏறாது. பின்னாலேயே நாலைந்து பேர் எழுந்தார்கள். உள்ளறையில் அக்கா மாலையும் கழுத்துமாய் அழ ஆரம்பித்தாள்.

அம்மா கொதித்துப்போனாள். "உலகத்துக்கே ஒப்பந்தம் போடப் போறாவளாம், ஒரு சம்பந்திகிட்ட ஒத்துப்போகத் தெரியல. ஏட்டி, நீ ஓடிப்போய் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா!"

நானா? தாவணி கட்டிக்கொண்டு, பெட்டிக்கடையில் போய் சிகரெட்டா? பதற்றத்தில் அம்மாவுக்கு அதுகூடத் தோன்றவில்லை.

"நீ இரு, நான் போறேன்" என்றார் அப்பா. கடைக்குத்தான் போகிறார் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். அவர் நேரே பெரியப்பாவிடம் போனார். பெரியப்பா வாசல் வேப்பமரத்தடியில் சொந்த சிகரெட்டைப் பற்றவைத்திருந்தார்.

"அண்ணாச்சி, என் தம்பி ஆஸ்பத்திரியில கிடக்கும்போது சிகரெட் கேட்டான். மனசு கேக்காம நான்தான் வாங்கிக் குடுத்தேன். இனிமே ஒருத்தருக்கு எடுத்து நீட்ட இந்தக் கை வரமாட்டேங்கு. மரியாதைக் குறைச்சல்னு நெனைக்காதிய. எம் பிள்ளைக்காக உள்ள வாங்க."

அப்பா அழுது அன்றுதான் பார்த்தேன். பெரியப்பா கடைசி இழுப்பு வரை இழுத்துவிட்டு, உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தாலி ஏறியது.

அதோடு விடுகிற மனிதரா எங்கள் அப்பா? பந்தி முடிந்ததும், மறுபடி வேப்பமரத்தடியில் புகைத்துக்கொண்டிருந்தவரிடம் துணிப்பையோடு போய் நின்றார். ஐயோ, முடிந்த சண்டையைத் திரும்ப இழுக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பெரியப்பா தாளை நிதானமாகப் படித்தார். "நான் சிகரெட் குடிக்கிற ஆளு வே. நாளைக்கும் குடிப்பேன். நான் போட்டா அது பொய்க் கையெழுத்துல்லா?"

"விட முடியாதவங்க கையெழுத்துதான் வேணும் அண்ணாச்சி. என் தம்பி இருந்திருந்தா அவன்தான் மொதல்ல போட்டிருப்பான்."

இடது கையில் சிகரெட் புகைந்துகொண்டிருக்க, வலது கையால் கையெழுத்துப் போட்டார். போடும்போது கங்கு விழுந்து, பேருக்குப் பக்கத்தில் தாள் பொத்துப்போனது.

ஓட்டை விழுந்த தாளை டெல்லிக்கு அனுப்ப வேண்டாம், கழித்துவிடலாம் என்றார்களாம் சங்கத்தில். அப்பா மல்லுக்கு நின்றார். அதைத்தான் எல்லாத் தாளுக்கும் மேலே வைத்துக் கட்டினார்.