கைராசியின் ஐந்து விரல்கள்

எங்கள் கிடங்கில் பழைய இரும்பை லாரியில் ஏற்றும் கிரேனை ஓட்டுபவரைக் கைராசி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, யார் வாயிலும் இல்லை. காலையில் ஏணியேறிப் போனால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாட்டு டப்பாவும் தண்ணீரும் கயிற்றில் கட்டி மேலே போகும். ஒரு ஆள் உட்காரும் கண்ணாடிக் கூண்டு அது. பேச்சுத்துணைக்கு இன்ஜின்.

நான் கீழே எடைமேடையில். சரக்கேற்றிய லாரி வந்து நின்றதும் எடையைக் குறித்துக்கொண்டு, வெளியே கேட்கும்படி கூவிச் சொல்வது என் வேலை.

கடைசிப் பிடி இரும்பை இறக்கியதும் கைராசி ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவார். நீட்டிய விரலுக்கு ஒரு டன், பாதி மடக்கிய விரலுக்கு அரை டன். இங்கே வருபவை சின்ன லாரிகள், ஒரு கை போதும். அவர் காட்டியதும் நான் கூவுவதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். இதில் மிகை இல்லை. எழுதியவன் நான்.

"எப்படிய்யா கண்டுபிடிக்கிற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"லிவர் சொல்லுதுண்ணே. இரும்பு தூங்குதா துள்ளுதான்னு உள்ளங்கைக்குத் தெரிஞ்சுடும்."

கீழே நின்றவர்கள் இதில் ஒரு டீ பந்தயம் கட்டினார்கள். அவர்தான் ஜெயிப்பார். பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டியது. டீ சிகரெட்டானது, சிகரெட் சீட்டானது, சீட்டுக்கட்டு பிறகு போனுக்குள் போய்விட்டது. போனுக்குப் போனதும் எதிரே ஆளும் தேவைப்படவில்லை. சாப்பாட்டு டப்பா மேலே போனபடியே, திறக்காமல் கீழே வர ஆரம்பித்தது.

அவர் செய்த பிழை, கிரேன் ஓட்டுகிறவனுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை. சீட்டு விழும் முன் உள்ளங்கை குறுகுறுத்தால், லிவர் சொன்ன மாதிரி இதுவும் சொல்கிறது என்று நம்பினார். இரும்புக்கு எடை உண்டு, அதனால் கைக்குச் சேதி வரும். சீட்டுக்கு என்ன எடை இருக்கிறது? இதை நான் சொன்னபோது சிரித்தார். தோற்ற ஆட்டம் எதையும் தோல்வி என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "நூலிழையில போச்சுண்ணே" என்பார். ஜெயித்த நாளில் மழை பெய்ததா, என்ன சட்டை போட்டிருந்தார் என்பது வரை ஞாபகம் இருக்கும். தோற்ற நாட்கள் அவர் மனதில் பதிவாகவே இல்லை.

மனைவியின் தையல் மெஷின் போனது. அதை மீட்கப் போகிறேன் என்று சொல்லி மனைவி கழுத்தில் இருந்ததும் போனது. அந்த அம்மாள் சண்டை போடவில்லை. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் மகளிடம் போய்விட்டார். கைராசி டயர் கடைக்கு மேலே ஒற்றை அறைக்கு மாறினார். ஒருமுறை போயிருக்கிறேன். பாய், மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரே ஒரு தம்ளர். நான் குடித்து முடித்த பிறகு அதைக் கழுவி அவர் குடித்தார்.

மகள் போனில் ஒரு வார்த்தை சொன்னாள். ஆறு மாதம் எதிலும் பந்தயம் கட்டாமல் இருந்தால் தானே வந்து கூட்டிப்போவதாக. வீட்டில் அவருக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்திருப்பதாகவும் சொன்னாள். கைராசி தன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, பேச மட்டும் முடிகிற பழைய போன் ஒன்றை வாங்கிக்கொண்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், டீக்குக்கூடக் கட்டவில்லை. கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார்.

"அதையும் நிறுத்தேன்பா" என்றேன்.

"இது பந்தயமா? சும்மா எடைதானே."

ஆறு மாதம் முடிந்து, மகள் வருவதாகச் சொன்ன நாளில் காலையிலேயே சவரம் செய்து, துணிப்பையோடு வந்துவிட்டார். மேலே ஏறவில்லை. என் அறை வாசலில் ஸ்டூல் போட்டு கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரும்பு வெட்டும் வெல்டருக்கு நாக்கில் சனி.

"என்ன கைராசி, மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கீங்க? போன்ல வர்றேன்னு சொல்றவங்க எல்லாம் வந்துட்டா பஸ்ஸு தாங்குமா?"

"என் பொண்ணு வருவா."

"வரட்டுமே. சாப்பாட்டு மணிக்கு முன்னாடி வந்துட்டா இந்த வாட்ச் உங்களுக்கு." கையிலிருந்து கழற்றி என் மேஜையில் வைத்தான்.

"வேண்டாம்பா" என்றேன், இரண்டு பேருக்கும் சேர்த்து.

கைராசி என்னைப் பார்த்தார். "அண்ணே, பெத்த பொண்ணு மேல நம்பிக்கை வைக்கிறது பந்தயமா?" பையிலிருந்து பழைய போனை எடுத்து வாட்ச் பக்கத்தில் வைத்தார். மகளோடு பேச அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் பார்த்தது கேட்டையா, சுவர்க் கடிகாரத்தையா என்று சொல்வது கஷ்டம்.

மணியடிக்கச் சற்று முன் மகள் உள்ளே வந்தாள். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் துணிக்கடைப் பை. "அப்பா" என்று சிரித்தாள். கைராசி ஸ்டூலிலிருந்து துள்ளியெழுந்து, அவளுக்கு முதுகைக் காட்டி, வெல்டரிடம் கையை நீட்டினார்.

"எடுறா! வந்துட்டா பார்த்தியா? எடு வாட்ச்சை!"

வெல்டரின் முகம் செத்துவிட்டது. வாட்ச்சை யாரும் எடுக்கவில்லை. மகள் மேஜையைப் பார்த்தாள், பிறகு நீட்டியிருந்த கையை.

"என் மேலயாப்பா?"

"நீ வருவேன்னுதாம்மா கட்டினேன். வர மாட்டேன்னு இல்ல."

"தெரியும்பா." அவள் குரல் உயரவில்லை. "நான் வரணும்னு உக்காந்திருந்தீங்களா, ஜெயிக்கணும்னு உக்காந்திருந்தீங்களா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். "ரெண்டும்தாம்மா" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, மேலேர்ந்து விரல் காட்டுறது இன்னும் உண்டா?"

உண்டு என்றேன்.

"சின்ன வயசுல என்னைத் தூக்கிப் பார்த்துட்டு இப்படித்தான் காட்டுவாரு. அம்மா சிரிப்பாங்க." பையை ஸ்டூலின் மேல் வைத்தாள். "புதுச் சட்டை. போட்டுக்கோங்கப்பா. பெரியப்பா, அந்தக் கை வெளியே வராம நின்னுச்சுன்னா எனக்கு ஒரு போன் போடுங்க. வர்றேன். அறை அப்படியே இருக்கும்."

குடையை விரித்துக்கொண்டு போனாள். வெயில்கூட அவ்வளவு இல்லை. கைராசி அவள் பின்னால் கேட் வரை போய் நின்றார். திரும்பி வந்து போனை எடுத்துக்கொண்டு ஏணியேறினார்.

அடுத்த சில நாட்கள் கூண்டின் ஜன்னல் மூடியே இருந்தது. லாரி நிரம்பியது, கை வரவில்லை. நான் மகளின் எண்ணை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தேன். வெல்டர் தினமும் வந்து, "போன் போட்டுட்டீங்களாண்ணே?" என்று கேட்பான். அவன் வாட்ச் கட்டுவதை விட்டுவிட்டான்.

"இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்பேன்.

ஒருநாள் கடைசிப் பிடி இரும்பு லாரிக்கு மேலே ஆடாமல் நின்றது. வேண்டியதைவிட அதிக நேரம் அதை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு இறக்கினார். ஜன்னல் திறந்தது. புதுச் சட்டைக் கை வெளியே வந்தது. நான்கு விரல் நீட்டி, ஒன்று பாதி மடக்கி.

கீழே பார்க்க என்னைத் தவிர யாரும் இல்லை. லாரி மேடையில் ஏறியது. நாலரை டன். குறித்துக்கொண்டேன், கூவவில்லை.

கை இன்னும் வெளியிலேயே காத்திருந்தது.