ஜப்பார் பாய் கடைக்கு வெயில் எறக்கின கதை

ஏற்காட்டுல வெயிலைப் பிடிச்சு ஊட்டுக்குள்ள உடற தொழில் பண்றவனுக்கு, பாதி நாள் வேலை வானத்தை அண்ணாந்து பாக்கறதுதானுங்க. மாடியில ஒரு லென்ஸ் பெட்டி. அது வெயிலைக் கண்ணாடி இழைக் கேபிள் வழியா இருட்டு ரூமுக்குள்ள அனுப்பும். கரண்டு ஆளுங்களாவது ஃபியூஸ் போச்சும்பாங்க. நான் யார் மேல பழி போட? வானத்தை நம்பி வெள்ளாமை பண்றவங்களுக்கு என் பாடு புரியும்.

மூணாவது கல்யாணம்

பஜார்ல டெய்லர் கடை வெச்சிருக்கற ஜப்பார் பாய்க்குப் பின்ரூம்தான் தையல் ரூம். ஜன்னலே கிடையாது. டியூப்லைட்டுல அரக்குன்னு எடுத்த நூல், வாசலுக்கு வந்தா காப்பிக்கொட்டைக் கலர். ரெண்டு கல்யாண வீட்டு ஜாக்கெட் திரும்பி வந்துருச்சு. இப்ப மூணாவது வீடு, ஒம்போது ஜாக்கெட், வெள்ளிக்கிழமை கெடு. பாய் சொன்னார்: "இதுவும் திரும்புச்சுன்னா கடையைப் பூட்டிட்டு, சேலத்துல எவன் கடையிலயாவது போய்த் தைக்க வேண்டியதுதானுங்க."

தார்ப்பாய்

திங்கக்கிழமை பெட்டியை மாட்டி முடிக்கறப்பவே மூட்டம் எறங்கிருச்சு. ரெண்டு நாள் கடைக்குள்ளயே கால் தேய நடந்தேன். புதன்கிழமை பளீர்னு வெயில். பின்ரூம் மட்டும் கும்மிருட்டு! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கேபிளைக் கழட்டினேன், மாட்டினேன், கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். கடைசியில மாடிக்கு ஓடினா, பெட்டி மேல தார்ப்பாய், நாலு மூலைக்கும் கல்லு!

போட்டவர் கட்டடத்து வாட்ச்மேன் பொன்னண்ணன். தலைச்சோலை எஸ்டேட்டுல காப்பி காயவெச்ச மனுசன். தரை ஈரம் காயாம தார்ப்பாயை எடுக்க மாட்டாராம். அவருக்குத்தான் என்மேல கோவம்: "மூட்டம் எறங்குனா மொதல்ல மூடோணும், இதுகூடத் தெரியாம என்னுங்க தொழில் பண்றீங்க?"

பிரிச்ச தையல்

தரை காஞ்சு தார்ப்பாயை எடுத்ததும் பின்ரூமுக்கு வெயில் வந்துச்சுங்க! பாய் நூலைத் துணிமேல வெச்சுப் பாத்துச் சிரிச்சார். அப்புறம், டியூப்லைட்டுல ஏற்கெனவே தெச்சு மடிச்ச அஞ்சு ஜாக்கெட்டையும் விரிச்சார். மூணுல நூல் தப்பு. மூஞ்சி செத்துப்போச்சு. பிரிக்க உக்காந்துட்டார். வியாழன் பூரா மேகம் வர்றதும் போறதுமா. வெயில் அடிக்கறப்பவெல்லாம் மாடியிலிருந்து "பாய், இப்ப நூல் பாருங்க!"ன்னு கத்தினேன். கீழ எறங்கி வந்தப்ப அவர் நிமிராமச் சொன்னார்: "வெளிச்சம் வராமயே இருந்திருந்தா நேத்தே நிம்மதியா முடிச்சிருப்பேன் தம்பி."

வெள்ளிக்கிழமை

கல்யாண வீட்டம்மா ஒம்போதையும் ஒண்ணொண்ணா வாசலுக்குத் தூக்கிட்டுப் போய், வெயில்ல திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. பாய் கத்திரிக்கோலைக் கையில பிடிச்சபடியே நின்னார். அந்தம்மா உள்ள வந்து சொன்னாங்க: "ஏனுங்க பாய், மாப்பிள்ளை ஊட்டுத் துணியும் உங்ககிட்டயே தாரனுங்க."

வெயிலை உள்ள உட்டா நல்லது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்னு நெனச்சு இந்தத் தொழிலுக்கு வந்த ஆள் நானுங்க.