கிணற்றுப் பக்கம் சாய்ந்த சுவர்

அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்திய வருடம் எங்கள் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் வந்தது. எழுபதுகளின் தொடக்கம். பாகம் பிரித்ததில் நல்ல தண்ணீர்க் கிணறு பெரியப்பா பக்கம் போய்விட்டது. எங்கள் பக்கம் தோண்டிய கிணற்றில் உப்புத் தண்ணீர்தான் ஊறியது. மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்த அப்பாவுக்கு, உப்பு செங்கல்லை என்ன செய்யும் என்று தெரியாமலில்லை. அதற்காக அண்ணனிடம் போய்த் தண்ணீர் கேட்பதா? உப்புத் தண்ணீரிலேயே கலவை போட்டுச் சுவரை எழுப்பிவிட்டார்.

மூன்றாம் வருடம் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தது. அடிச்செங்கல் மாவாக உதிர்ந்தது. சுவர் மெல்லப் பெரியப்பா பக்கம், அந்தக் கிணற்றை நோக்கியே சாயத் தொடங்கியது. கிணற்றடியில்தான் பெரியம்மா தினமும் காலையில் பேரனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவாள். பிரசவத்துக்கு வந்திருந்த பெரியப்பா மகளின், எங்கள் அக்காவின் குழந்தை அது. பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவந்து, சுவர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப ஓடுவேன். ஐப்பசி மழை வேறு கடல் பக்கம் கறுத்துக்கொண்டு நின்றது.

“போய்ச் சொல்லிடுங்களேன், பச்சக் கொழந்த இருக்கிற வூடு” என்றாள் அம்மா.

“அவருக்குக் கண்ணு தெரியாதா?” என்றார் அப்பா. அந்தப் பக்கம் பெரியப்பாவும், “கட்னவன் வந்து சொல்லட்டும்” என்றாராம். ஞாயிற்றுக்கிழமை ஒரே மாதா கோவிலில் ஒரே வரிசையில் முட்டி போடுகிறவர்கள் இரண்டு பேரும்.

ஒரு நாள் காலை மேல்வரிசைச் செங்கல் ஒன்று கழன்று குழந்தையின் வெந்நீர் அண்டாவில் விழுந்தது. பெரியம்மா போட்ட சத்தத்தில் அப்பா பாதிச் சவரம் செய்த முகத்தோடு ஓடிவந்தார். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அரைமணி நேரத்தில் உப்பளத்திலிருந்து நாலு ஆட்களைக் கயிற்றோடு கூட்டிவந்துவிட்டார்.

சுவரை எங்கள் பக்கம் இழுத்துத் தள்ள வேண்டும். பெரியப்பா தன் பக்கமிருந்து கழியால் முட்டுக் கொடுத்தார். அப்பா பேசுவது அவருக்குக் கேட்கும்தான். ஆனாலும் நான் தெருவைச் சுற்றி ஓடிப்போய்ச் சொன்னால்தான் அது சொன்னதாகும்.

“கயித்த இழுக்கப் போறோம்னு சொல்லு” என்றார் அப்பா.

“இழுக்கச் சொல்லு” என்றார் பெரியப்பா.

“அவரத் தள்ளி நிக்கச் சொல்லு.”

இதை மட்டும் சொல்ல அப்பா என்னை மூன்று தடவை ஓடவிட்டார். மூன்றாவது தடவைதான் பெரியப்பா நகர்ந்தார். சுவர் எங்கள் கத்தரிச் செடிகள்மேல் விழுந்தது. பயம் விட்டதில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை, புதுச் சுவர் கட்டக் கொத்தனார் வருகிறார் என்று பெரியப்பாவிடம் சொல்லிவர அப்பா அனுப்பினார். செங்கல் குவியலைத் தாண்டி நேராகவே ஓடினேன். பெரியப்பா வீட்டு முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டுவிட்டுத் தோள் துண்டை எடுத்து மெல்ல உதறி மடித்தார். பள்ளிக்கூட மணி அடித்துவிடும் என்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

“இனிமே நமக்குள்ள செவுரு எதுக்குன்னு கேளு, பாப்பா” என்றார். பிறகு, “கட்டித்தான் ஆவணும்னா, தண்ணி நம்ம கெணத்துல எடுத்துக்கச் சொல்லு” என்றார்.

‘எதுக்கு’ என்ற கேள்வியை அப்பாவிடம் கொண்டுபோனால் எனக்குத்தான் திட்டு விழும். தண்ணீர் விஷயம் நல்ல விஷயம். அதை மட்டும் சொன்னேன்.

“வேற ஒண்ணும் சொல்லலியா?” என்று கேட்டார் அப்பா.

“இல்லப்பா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. வேற ஒண்ணுமே சொல்லலியா?”

“இல்லப்பா, நேரமாவுது.”

“அப்ப கட்டச் சொல்றாரு” என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போனார்.

நல்ல தண்ணீரில் கட்டிய அந்தச் சுவர், இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகும் கொஞ்சமும் சாயாமல் நிற்கிறது. அன்றைக்கு நான் பையைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அப்பா அந்தக் கேள்வியை ஏன் இரண்டு தடவை கேட்டார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.