சித்தி மறந்து வைத்த மாலை

உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு ஒன்பது வயதில் என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை டிவியில் தமிழ் பேசிய ஒரு ஜப்பான் கார்ட்டூன் படம்தான் காரணம். ஊரார் ஆற்றில் போடும் குப்பையைத் தின்று தின்று, வீடு அளவு ஆமை ஒன்று நீந்த முடியாமல் தவிக்கும். என் வயதுச் சிறுமி ஒருத்தி ஓட்டைப் படகில் ஊர் ஊராகப் போய்க் குப்பை போடுகிறவர்களோடு சண்டை போடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த சித்தி, ஆமைக்காக என்னைவிட அதிகம் அழுதாள்.

சித்தி கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆடிப்பெருக்கன்று புதுத் தம்பதி கல்யாண மாலையைக் காவிரியில் விட வேண்டும். அதற்காகக் காய்ந்த மாலைகள் இரண்டும் ஆணியில் தொங்கின. அவற்றில் பூவைவிட ஜிகினாவும் பிளாஸ்டிக் மணியும்தான் அதிகம். நம் காவிரியிலும் ஓர் ஆமை இருந்தால் என்ன கதி?

அன்று காலை சித்தி மாலைகளைக் கூடையில் எடுத்து வைத்தாள். எல்லோரும் சாதம் கிளறும் அவசரத்தில் இருந்தபோது நான் அவற்றை உருவி என் ஸ்கூல் பைக்குள் திணித்துக்கொண்டேன். லீவு நாளில் ஸ்கூல் பை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அம்மாமண்டபம் படித்துறையில் தண்ணீர் நிறைந்து ஓடியது. விளக்கேற்றிக் கும்பிட்டு முடித்ததும் சித்தப்பாவின் அக்காவான அத்தை கூடைக்குள் கையை விட்டாள். மாலை இல்லை. சித்தப்பா வானத்தைப் பார்த்தார். சித்தியின் பார்வை என் பைமேல் வந்து நின்றது. ஜிப் வழியாக ஒரு முழம் ஜிகினா வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் அண்ணி, வீட்லயே மறந்து வச்சிட்டேன்" என்றாள் சித்தி.

"கல்யாண மாலையைக்கூட ஒருத்தி மறப்பாளா? உங்க வீட்ல இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்களா?"

படித்துறையே திரும்பிப் பார்த்தது. சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். ஆமை பிழைத்த சந்தோஷத்தில் நான் புளியோதரையை இரண்டு முறை வாங்கித் தின்றேன்.

சாயங்காலம் சித்தி, சித்தப்பாவையும் என்னையும் மறுபடி அங்கே அழைத்துப் போனாள். மூன்று பேரும் படியில் உட்கார்ந்து ஜிகினாவையும் மணியையும் உருவி எடுத்தோம். பூ மட்டும் ஆற்றோடு போனது.

"உன் ஆமைக்கு இப்ப சரியா?" என்று கேட்டாள். பெரிய அதிகாரி மாதிரி தலையாட்டினேன்.

அத்தை அதோடு விடவில்லை. காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ, எங்கே கூடினாலும் மாலையை மறந்த கதையைச் சொல்லுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். சித்தியும் சிரிப்பாள். வெட்கமில்லாமல் நானும் சிரித்திருக்கிறேன். சித்தி அன்று பொய் சொன்னது ஆமைக்காக என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் எனக்குக் கல்யாணமானது. இரண்டாவது மாதம், நாத்தனாரின் குட்டிப் பெண் ஊறுகாய் ஜாடியை உடைத்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டாள். யார் உடைத்தது என்று மாமியார் கேட்டார். வீடே என்னைப் பார்த்தது. அந்தச் சின்னக் கை என் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"நான் இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன்.