கொழும்புக் காசிலை ஒரு கேற்

துறைமுகப் பாதுகாப்பு வேலை எண்டவுடனை துவக்கும் தொலைநோக்கியும் எண்டு நினைச்சுப்போடாதேங்கோ. பதினொரு வருசமா இந்தத் தொழிலிலை நான் தூக்கின ஒரே ஆயுதம் குமிழ்முனைப் பேனை.

எங்கடை துறைமுகம் குடாநாட்டின்ரை வடகரையிலை இருக்கிற சின்னத் துறைமுகம். பேர் வேண்டாம், மனேச்சருக்கு ஓய்வூதியம் எடுக்க இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு. சீமெந்துக் கப்பல் வரும், மாக் கப்பல் வரும், சில மாசத்திலை காகம் மட்டும் வரும். நான் அங்கை பாதுகாப்புப் பிரிவுக் கிளாக்கர். பிரிவெண்டால் நானும் ஒரு அலுமாரியும்தான். சின்னத் துறைமுகங்களின்ரை பாதுகாப்பைத் திருத்த அரசாங்கம் காசு ஒதுக்கியிருக்கு, விண்ணப்பியுங்கோ எண்டு கொழும்பிலையிருந்து ஒரு நாள் கடிதம் வந்தது. அண்டைக்குத் தொடங்கினது இந்தச் சில்லெடுப்பு. அரசாங்கப் படிவம் நிரப்பி நொந்துபோன சகோதரங்களே, இதை வாசிச்சு ஆறுதல் அடையுங்கோ. நீங்கள் தனியாள் இல்லை.

வெறுமையா விடக்கூடாத பெட்டி

விண்ணப்பம் முப்பத்தாறு பக்கம், முழுக்கக் கொம்பியூற்றரிலை. "தற்போதுள்ள பாதுகாப்பு ஏற்பாடுகளை விவரிக்குக" எண்டு முதல் கேள்வி. எங்களிட்டை இருந்தது ஒரு கேற், கேற்றுக்குக் குறுக்காலை ஒரு இரும்புப் பைப், வாறாக்களைப் பதியிற ஒரு சி.ஆர். கொப்பி, பிறகு ரஞ்சிதமக்கா. இராக் காவலுக்கு வேறை ஆக்கள் இருக்கினம். பகல் கேற் முழுக்க அவதான். குடாநாட்டின்ரை தென்கரைக் கொழும்புத்துறையிலையிருந்து ரெண்டு பஸ் மாறி, காலமை ஆறரைக்கெல்லாம் கேற்றடியிலை நிப்பா. வயசு அம்பத்திரண்டு. புருசன் இல்லை. ஒரே மகள் மட்டக்களப்பிலை கம்பசிலை ரெண்டாம் வருசம் படிக்கிறாள். அந்தப் படிப்பு ஓடுறது இந்தக் கேற்றுச் சம்பளத்திலைதான். இவ்வளவையும் விவரிக்க அந்தப் பெட்டிக்குள்ளை இடமில்லை. "கேற், பைப், காவலர்" எண்டு எழுதிப்போட்டு அடுத்த கேள்விக்குப் போனன்.

இருபத்தெட்டாம் பக்கத்திலை வந்தது வினை. "இயந்திரங்கள் பொருத்தப்பட்ட பின் குறைக்கப்படும் ஆளணி எத்தனை?" சைபர் போட்டன். பெட்டி சிவப்பாப் போச்சு. வெறுமையா விட்டன். திரும்பவும் சிவப்பு. அடுத்த பக்கத்துக்குப் போக விடமாட்டன் எண்டு ஒரே பிடிவாதம். விண்ணப்பம் முடியிற நாளும் அண்டைக்குத்தான். நான் ஓடிப்போய் மனேச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தன். அவர் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திவிட்டு, சிவப்புப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பாத்தார். "ஒண்டைப் போட்டு விடும் ஐசே. முப்பத்தாறு பக்கத்தையும் கொழும்பிலை ஆர் இருந்து வாசிக்கப் போறாங்கள்?"

வலை காயுற வேலி

காசு வந்திட்டுது! நம்பமாட்டியள், உண்மையாவே வந்தது. முதல் வேலையா வேலி. ஆள் உயரத்துக்கு மேலை, பளபளவெண்டு கம்பி வலை அடிச்சு வெள்ளிக்கிழமை முடிச்சாங்கள். எனக்குச் சரியான புளுகம், சந்தோசத்திலை நித்திரையே இல்லை. திங்கக்கிழமை உடுப்பிட்டி வீட்டிலையிருந்து மோட்டச்சைக்கிளிலை வாறன், வேலியைக் காணேல்லை. கிட்டப் போய்ப் பாத்தால் வேலி முழுக்க மீன்பிடி வலை. இடைக்கிடை உடுக்கிற சாரம், பாய், ஒரு மூலையிலை ஒரு பஞ்சு மெத்தை.

வேலியைப் படமெடுத்து மத்தியானத்துக்கு முதல் கொழும்புக்கு அனுப்பவேணும். பக்கத்துக் கரையிலை வள்ளம் வைச்சிருக்கிற அந்தோனி அண்ணையிட்டைப் போய்க் கெஞ்சினன். பாவம், நல்ல மனிசன், அரை மணித்தியாலம் தந்தார். எல்லாத்தையும் இறக்கிச்சினம், நான் ஓடி ஓடிப் படமெடுத்தன், நான் திரும்ப முந்தி எல்லாம் பழையபடி ஏறிட்டுது. அந்த மெத்தையை மட்டும் இறக்க மறந்துபோச்சினம். "படத்தில் தென்படும் மேலதிகப் பாதுகாப்பு அடுக்கு யாது?" எண்டு கொழும்பிலையிருந்து கேட்டு எழுதினாங்கள். பேந்து நான் அந்தோனி அண்ணையிட்டைப் போய், இனி வேலியிலை ஒண்டும் போடாதேங்கோ அண்ணை, கரையிலை கம்பு நட்டுத் தாறம் எண்டு சொன்னன். அவர் வேலியை ஒருக்காத் தடவிப் பாத்தார். "இவ்வளவு காலமும் அரசாங்கம் வேலி அடிச்சால் எங்களுக்கு நட்டம்தான் தம்பி, இதொண்டைத்தான் பிரயோசனமா அடிச்சிருக்கிறாங்கள்."

கமரா பாக்க வந்த மாமியார்

வேலிக்குப் பிறகு எட்டுக் கமரா. கமராவிலை ஒரு கள்ளனும் விழேல்லை, ஆனால் கமராப் படம் பாக்கவெண்டு ஊராக்கள் என்ரை கந்தோருக்கு வரத் தொடங்கிச்சினம். ஒருத்தருக்குச் சைக்கிளைக் காணேல்லை, ஒருத்தருக்கு ஆட்டைக் காணேல்லை. உடுவிலிலையிருந்து ஒரு அம்மா முறுக்குப் பையோடை வந்தா. அவவின்ரை மருமகன் எங்கடை லொறித் தராசிலை வேலை. மகள் கட்டிக் குடுக்கிற சோத்தை மனிசன் சாப்பிடுறாரோ, கடையிலை ரோல்ஸ் தின்னுறாரோ எண்டு பாக்கவேணுமாம். சட்டப்படி காட்ட ஏலாது அம்மா எண்டு பணிவாச் சொன்னன். மேசையிலை வைச்ச முறுக்குப் பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு எழும்பினா. "ஒருத்தருக்கும் காட்டாத கமராவுக்கு அரசாங்கம் ஏன் தம்பி காசைக் குடுக்குது?"

தட்டிலை வைக்க ஏலாத இரும்பு

அதுக்குப் பிறகு கேற்றடிக்கு ரெண்டு சாமான் வந்தது. ஒண்டு, அட்டையைத் தட்டினால் பச்சை லைற் எரிஞ்சு பேர் காட்டுற மெசின். மற்றது, உடம்பிலை இரும்பு இருந்தால் கத்துற வாசல். அதைப் பூட்டக் கொழும்பிலையிருந்து ஒரு தொழில்நுட்பக்காரர் வந்தார். கொஞ்சம் தமிழ் கதைப்பார், மெத்த மரியாதையான ஆள். காலமை ஷிப்டுக்கு வந்த தொழிலாளரை வரிசையா நிப்பாட்டி, "இரும்பெல்லாம் தட்டிலை வையுங்கோ" எண்டார். திறப்புக் கொத்து, பெல்ற், போன் எல்லாம் தட்டிலை. முதல் ஆள் போனார், கத்திச்சுது. ரெண்டாம் ஆள், கத்திச்சுது. நாலாம் ஆளும் கத்தின உடனை, மெசினிலைதான் பிழையெண்டு அந்த மனிசன் வயரெல்லாம் கழட்டி மாட்டினார். வேர்த்து ஒழுகுது. ரஞ்சிதமக்கா கதிரையிலை இருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறா.

அஞ்சாவது தவராசா, மூட்டை இறக்கிற ஆள். ரெண்டு தரம் கத்தி, தொடையடியிலை லைற் எரிஞ்சுது. அவர் சாரத்தை ஒதுக்கித் தழும்பைக் காட்டினார். எறிகணைச் செல் துண்டு. சண்டைக் காலத்திலை ஏறினது, இண்டைக்கும் உள்ளுக்கைதான் கிடக்கு. அதோடை வரிசை முழுக்க ஒரே போட்டி. "எனக்கு முதுகிலை", "எனக்கு ரெண்டு", "உன்னுடையது குண்டூசியடா, என்னுடையதை வந்து பார்!" எனக்கும் சிரிப்பு வந்தது. முப்பத்தாறு பக்கத்திலை இதுக்கொரு பெட்டி இருக்கேல்லை. பேந்து ஆளாளுக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் எடுத்து, அட்டையோடை சேத்து அலுவலை முடிச்சம். ஆனால் தட்டை நீட்டிக்கொண்டு நிண்ட அந்த மனிசனிட்டைத் தவராசா சொன்னது இன்னும் காதுக்கை நிக்குது. "டொக்டர்மாராலையே எடுக்க ஏலாமல் விட்டதை, நீங்கள் இந்தத் தட்டிலை வைக்கச் சொல்லுறியள்!"

இருபத்தெட்டாம் பக்கத்தை வாசிச்ச ஆள்

கொழும்பிலை ஒருத்தன் வாசிச்சிருக்கிறான். முப்பத்தாறு பக்கத்தையும். மிச்சக் காசு தர முதல் பரிசோதனைக்கு ஒரு அதிகாரி வருவார். அதுக்கு முதல், விண்ணப்பத்திலை உறுதிசெய்தபடி ஒரு ஆளைக் குறைக்கவேணும். மெசின் பூட்டின இடம் கேற் எண்டபடியால், குறைக்கவேண்டியது பகல் கேற் காவலாளியை எண்டு கடிதம் வந்தது. குறைக்காட்டி இறங்குதுறைக்கு லைற் போடுற காசு வராது. மனேச்சர் கடிதத்தை என்ரை பக்கம் தள்ளிவிட்டு, "நீர் எழுதினது, நீரே போய்ச் சொல்லும்" எண்டிட்டார்.

மூண்டு நாள் கடிதத்தைச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு, ரஞ்சிதமக்கா பிளாஸ்கிலை இருந்து ஊத்தித் தாற தேத்தண்ணியையும் குடிச்சுப்போட்டு, ஒண்டும் பேசாமல் வந்தன். அந்தக் கம்பஸ் பிள்ளையின்ரை நினைப்பு வர, கோப்பையைக் கெதியா வைச்சிட்டு எழும்பிடுவன். நாலாம் நாள் சொன்னன். எப்பிடிச் சொன்னன் தெரியுமோ? "கொழும்பிலை முடிவெடுத்திட்டாங்கள் அக்கா" எண்டு. சிவப்புப் பெட்டிக்குள்ளை அந்த ஒண்டைப் போட்ட கை இந்தக் கைதான் எண்டு சொல்ல வாய் வரேல்லை. நான் அவ்வளவு வீரன். அவ கத்தேல்லை, அழேல்லை. மெசினை மேலும் கீழும் பாத்தா. "கறண்ட் போற நேரத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவியளோ சேர், இல்லாட்டிக் கறண்ட் வருமட்டும் கள்ளரை நிக்கச் சொல்லுவியளோ?"

சத்தம் வராத ஆள்

அவவுக்கு அது கடைசிக் கிழமை. அண்டைக்குச் சீமெந்துக் கப்பல். தூசுக்காக எல்லாரும் தலையிலை பிளாஸ்ரிக் ஹெல்மெற் போட்டு, முகத்துக்குத் துவாய் கட்டி, கண் மட்டும் தெரியத்தான் வருவினம். ஏழு மணிக்கு அறுபது பேர் வரிசையிலை. அதிலை ஒருத்தர் அட்டையைத் தட்டினார். பச்சை லைற் எரிஞ்சுது, "தவராசா" எண்டு பேர் வந்தது. வாசலுக்குள்ளாலை வந்தார். ஒரு சத்தமுமில்லை. கொப்பியிலை எழுதிக்கொண்டிருந்த ரஞ்சிதமக்கா தலையைத் தூக்கினா.

"நில்லுங்கோ."

"ஏன் அக்கா? பச்சைதானே எரிஞ்சது. சத்தமும் வரேல்லையே."

"அதுதான் நில்லுங்கோ எண்டுறன்."

கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் கேற்றடி வாங்குப் பலகையிலை இருத்திப்போட்டு எனக்குப் போன் அடிச்சா. துவாயை அவிழ்த்தால் முன்பின் தெரியாத முகம். தான்தான் பரிசோதனைக்கு வந்த அதிகாரி, பேர் குலேந்திரன், திருகோணமலை எண்டு அவர் சத்தியம் பண்ணுறார். அடையாள அட்டை எங்கை எண்டு அக்கா கேட்டா. காருக்குள்ளையாம். "அப்ப கார் வருமட்டும் இருங்கோ" எண்டு தேத்தண்ணியும் ஊத்திக் குடுத்து, எழும்பவிடாமல் முன்னாலை நிக்கிறா. நான் ஓடினன், எனக்குப் பின்னாலை மனேச்சர் ஓடிவந்தார். லீவிலை நிண்ட தவராசாவின்ரை அட்டையை மனேச்சர்தான் ஒருத்தருக்கும் தெரியாமல் வாங்கிக் குடுத்திருக்கிறார். பிற ஆளின்ரை அட்டையோடை உள்ளுக்கு வர ஏலுமோ எண்டு பாக்கிறதுதான் பரிசோதனை. கொழும்புக் காசிலை வாங்கின ரெண்டு மெசினும் அவரை வாங்கோ எண்டு உள்ளுக்கு விட்டிட்டுது. குலேந்திரன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழை வைச்சுப்போட்டு, எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள் எண்டு கேட்டார். அக்கா அதை ஒரு பெரிய விசயமாவே எடுக்கேல்லை. "தவராசா ஒரு நாளும் இந்த வாசலைச் சத்தமில்லாமல் கடந்ததில்லை சேர். அவருக்குத் தொடையிலை இரும்பு கிடக்கு, உங்களிட்டை ஒண்டுமில்லை."

பழைய தாள்

பின்னேரம் மனேச்சரின்ரை அறையிலை நாலு பேர்: குலேந்திரன், மனேச்சர், நான், கதவடியிலை ரஞ்சிதமக்கா. குலேந்திரன் விண்ணப்பத்தைப் பிரட்டிக்கொண்டு, "ஆளைக் குறைக்கவேணும் எண்டு கொழும்பு தானாக் கேக்கேல்லையே. நீங்களே ஒண்டு எண்டு எழுதியிருக்கிறியள். ஆர் எழுதினது?" எண்டார். மனேச்சர் மேலை ஃபானைப் பாக்கிறார். "நான்தான் சேர்" எண்டன். பெட்டி சிவப்பாப் போனது, நேரம் முடியப்போனது எல்லாம் சொன்னன். சொல்லச் சொல்ல எனக்கே வெக்கமாக் கிடந்தது. அக்காவின்ரை பக்கம் திரும்பேல்லை. குலேந்திரன் பேனையை எடுத்து அந்த ஒண்டை வெட்டி, பக்கத்திலை கையெழுத்து வைச்சார். வந்து போறவையைத் தெரிஞ்ச ஒரு ஆள் நிண்டால்தான் அந்த வாசலாலை பிரயோசனம், பகல் காவலாளி கட்டாயம் இருக்கவேணும் எண்டு றிப்போட்டிலை எழுதினார். மிச்சக் காசும் வந்தது.

வீட்டை போகேக்கை கேற்றடியிலை மோட்டச்சைக்கிளை நிப்பாட்டி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா எண்டன். அவ சிரிச்சா. அவவுக்கு லொறி நம்பர் குறிக்கிறதுக்கு, ஒரு பக்கம் அச்சடிச்சுப் பழுதாப்போன தாளுகளை நான்தான் கட்டாக் கட்டிக் குடுக்கிறனான். அந்தக் கட்டை எடுத்து, நடுவிலை ஒரு தாளைப் பிரட்டிக் காட்டினா. இருபத்தெட்டாம் பக்கம். பெட்டிக்குள்ளை ஒண்டு. அடியிலை, தயாரித்தவர் எண்டு என்ரை முழுப் பேர். "மெசின் வர முந்தியே எனக்குத் தெரியும் சேர். நீங்களா வந்து சொல்லுவியள் எண்டுதான் ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி ஊத்தித் தந்தனான்."

அரசாங்கத்தின்ரை காசிலை வேலியும் கமராவும் கத்துற வாசலும் வந்து எங்கடை துறைமுகம் இப்ப நல்ல பாதுகாப்பாத்தான் இருக்குது. கேற்றைக் கடக்கேக்கை தலையைக் குனிஞ்சுகொண்டு போற சந்தேகத்துக்கிடமான ஆள் நான் ஒருத்தன்தான்.