ஒன்பதாம் நம்பர் அறையும் நாளைக்கு டாக்டரும்

அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருஷம் பெட்பேன் கழுவியவளுக்கு மனிதர்களை எடை போடத் தராசு வேண்டாம். எல்லோரும் அவளை ஆயாம்மா என்றார்கள். அவளோ பெரிய டாக்டருக்கு ‘நாளைக்கு’ என்று பெயர் வைத்திருந்தாள்.

கருவைக் கலைக்க வேண்டும் என்று எந்தப் பெண் வந்து நின்றாலும் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நாளைக்கு வாம்மா” என்பார். மறுநாள் போனால் புருஷன் கையெழுத்து. அதற்கு மறுநாள் மாமியார் சம்மதம். சட்டத்தில் இரண்டுமே இல்லை. வயிற்றில் இருப்பதற்கு நாளைக்கு என்றால் என்னவென்று தெரியுமா? அது பாட்டுக்கு வளரும். கடைசியில், “நாள் கடந்துபோச்சே” என்று உச்சுக்கொட்டுவார். சாயங்காலம் அவருடைய சொந்த கிளினிக்கில் மட்டும் எந்த நாளும் கடக்காது, எந்தப் பாவமும் ஒட்டாது.

கருக்கலைப்புக்கென்றே எங்கோ ஒரு வெளிநாட்டுச் சங்கம் நிதி திரட்டி ஒன்பதாம் நம்பர் அறையைக் கட்டிக் கொடுத்திருந்தது. புதுக் கட்டில், மாத்திரை அலமாரி, உறிஞ்சி எடுக்கும் கருவி. எட்டு மாதமாகக் கருவியின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை.

அன்று மூன்றாம் முறையாக வந்த தையல்காரி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று பிள்ளைகள். லாரியோடு போன புருஷன் இருபது நாளாகப் போன் எடுக்கவில்லை. பத்து வாரம்.

“நாளைக்காம் ஆயாம்மா.”

“அந்தாளோட ‘நாளைக்கு’ நாக்குலதான்டி இருக்கு, காலண்டர்ல இல்ல.”

“பின்தெருவுல கம்பவுண்டர் பொண்டாட்டி ஒருத்தி பண்றாளாம். சாயங்காலம் வரச் சொன்னா.”

ஆயாம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அந்த வீட்டிலிருந்துதான் முன்பு தன் தங்கையை ரத்தத்தில் நனைந்த பாயோடு இந்த வார்டுக்குத் தூக்கி வந்தாள். தங்கை வீடு திரும்பவில்லை.

“அங்க போனே, காலை ஒடிச்சுடுவேன். இங்கேயே உட்காரு.”

நிதி கொடுத்த சங்கத்தார் அன்றுதான் அறையைப் பார்க்க வருகிறார்கள். டாக்டர் காலையிலேயே புதுச் சட்டை. ஒன்பதாம் நம்பர் சாவியை ஆயாம்மாவிடம் நீட்டினார்.

“ஆயா, வெறும் கட்டிலைக் காட்டினா நல்லா இருக்காது. பெருக்குற பொண்ணைப் போர்வை போத்திப் படுக்க வை.”

“யாரையாவது படுக்க வெச்சா போதுமா சார்?”

“எவளா இருந்தா என்ன? நோயாளி மாதிரி இருந்தா சரி.”

ஆயாம்மா படிக்கட்டுக்கு வந்தாள். “ஏன்டி, பத்துப் பேர் வந்து பார்ப்பாங்க. கழுத்து வரைக்கும் போர்வை இருக்கும். கேட்டா உள்ளதைச் சொல்லணும். கூச்சமா இருந்தா சொல்லிடு, வேற வழி பார்க்கலாம்.”

“கூச்சப்பட்டா மூணு தடவை வந்திருப்பேனா? வாங்க.”

விருந்தாளிகள் வந்தார்கள். டாக்டர் நெஞ்சை நிமிர்த்தி, யாரையும் திருப்பி அனுப்புவதில்லை, புருஷன் கையெழுத்து கேட்பதே இல்லை என்று அளந்தார். கூட வந்த வெள்ளைத் தலை அம்மாள் கட்டில் பக்கம் குனிந்தாள். மொழிபெயர்ப்பாளன் கேட்டான்: “எத்தனை நாள் காத்திருந்தீங்க?”

“மூணு தடவை வந்தேங்க. புருஷன் கையெழுத்து கேட்டாரு. இன்னைக்கும் நாளைக்குன்னுட்டாரு.”

டாக்டருக்கு அப்போதுதான் அவள் முகம் அடையாளம் தெரிந்தது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதை.

“அது காலையில சொன்னது,” என்றாள் ஆயாம்மா, தேனாக. “கையெழுத்து வேணாம், இன்னைக்கே முடிச்சுத் தரேன்னு இப்ப சொல்லிட்டாரே. இல்லையா சார்?”

“ஆமா... ஆமா.”

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. முடியும்வரை இருப்பதாகச் சொல்லி வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்கேன் பார்த்தார்கள். தையல்காரியே தனக்காகக் கையெழுத்துப் போட்டாள். பிளாஸ்டிக் உறை பிரிந்தது. புதுக் கருவி என்று தடுமாறுவதுபோல் நடிக்கக்கூட டாக்டரால் முடியவில்லை. சாயங்காலங்களில் கை அவ்வளவு பழகியிருந்தது. வேலை கால் மணி நேரம். இத்தனை மாத இழுத்தடிப்பும் அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான்.

இரண்டு மணி நேரம் படுத்திருந்து, டீ குடித்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் போகவேண்டும் என்று தையல்காரி தன் காலாலேயே நடந்து போனாள். விருந்தாளிகளின் காரும் போனது. வராந்தாவில் இன்னும் இரண்டு பெண்கள், நாளைக்கு என்று அனுப்பப்பட்டவர்கள், போகாமல் நின்றிருந்தார்கள்.

டாக்டர் பல்லைக் கடித்தார். “ரொம்ப ஆடுறே. அந்த ரூம் சாவியைக் கொடு.”

ஆயாம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“நாளைக்குத் தரேன் சார்.”