பாதிப் பெயர் சொல்லி வாங்கியது

போன வாரம் மல்காஜ்கிரியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், ஒரு பாக்கெட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே கற்கண்டு. மேலே தெலுங்கில் ‘பட்டிக பெல்லம்’. தமிழில் சொன்னால் படிகார வெல்லம். பார்க்க ஒன்றுபோல இருக்கும் என்பதைத் தவிர படிகாரத்துக்கும் கற்கண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதை நான் தெரிந்துகொண்ட விதம்தான் கொஞ்சம் கேவலம்.

எழுபதுகளில் அப்பாவுக்குப் பக்கத்திலேயே, மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸ். தஞ்சாவூரிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கெமிஸ்ட்ரி படித்த கையோடு எனக்கு ஓர் அரசு ஆலையில் லேப் வேலை. தண்ணீரைத் தெளியவைக்க மூட்டை மூட்டையாகப் படிகாரம் வரும். சோதித்துக் கையெழுத்துப் போடுவது நான். அந்தக் கையெழுத்தில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அடுப்படி ஜெயா அக்காவின் ராஜ்யம். பாடிக்கொண்டேதான் சமைப்பாள். அவளுக்கு வானொலியில் குரல் தேர்வு வந்தது. முந்தின நாள் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது.

“கற்கண்டு வாங்கிட்டு வாடா,” என்றாள்.

கடையில் எப்படிக் கேட்பது என்று பக்கத்து வீட்டுச் சரோஜம்மாவிடம் விசாரித்தேன். “பட்டிக பெல்லம் அனி அடுகு, பாபு,” என்றார். பெல்லம் என்றால் வெல்லம் என்பதுவரை எனக்குத் தெரியும். அதையும் சேர்த்துச் சொன்னால் கடைக்காரர் அச்சு வெல்லத்தைக் கட்டிக் கொடுத்துவிடுவாரே. என் புத்திசாலித்தனம், ‘பட்டிக’ என்று மட்டும் கேட்டேன். வெள்ளை வெளேரென்று ஒரு கட்டி வந்தது. அதைத் தட்டிச் சின்னச் சின்னத் துண்டாக்கியதும் நான்தான்.

மறுநாள் தேர்வறை வாசலில், பெயரைக் கூப்பிடும் நேரத்தில், அக்கா ஒரு துண்டை வாயில் போட்டாள்.

“என்னடா இது, நாக்கை இழுக்குது.”

நானும் ஒன்றை நக்கிப் பார்த்தேன். தினமும் கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பும் அதே சரக்கு. அக்கா துப்பிவிட்டு உள்ளே போனாள், போன சுருக்கில் வெளியே வந்தாள்.

சோடியம் குளோரைடில் பாதியைப் பிரித்தெடுத்தால் மிச்சத்தைச் சோற்றில் போட்டுச் சாப்பிட முடியாது. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். கூட்டுச்சொல்லும் அப்படித்தான் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன். “பயத்துல எனக்கே குரல் வரலைடா. படிகாரம் என்ன பண்ணும்?” என்றாள். உடைக்காமல் மிச்சமிருந்த கட்டியை என் ஷேவிங் செட் பக்கத்தில் வைத்தாள்.

அதற்கப்புறம் தினமும் சவரம் முடித்து அதைத் தடவிக்கொள்வேன், சுரீரென்று எரியும். அந்தக் குவார்ட்டர்ஸும் இப்போது இல்லை, அக்காவும் இல்லை. அன்று அங்கே கட்டி தேய்ந்து சில்லாகிப்போன ஒரு காலையில்தான் எனக்கு உறைத்தது, அக்கா சமைத்துக்கொண்டிருந்தாள், அடுப்படியிலிருந்து பாத்திரச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாக அப்படி என்று எனக்குத் தெரியவில்லை.